பழைய தீசிஸ் தேடி எடுப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தார். இறுதியாண்டு ஆய்வுக்கு ஊரின் குடிமுறையை, அதாவது தாய்வழியாக வரும் குடிகளின் அமைப்பை, எடுத்திருக்கிறாராம். "சேர், எங்கட ஊரப் பத்தி ஒருத்தரும் ஆராய்ச்சி செய்யல்லயா? ரெண்டு நாளா கூகுள்ல தேடுறன், ஒண்டும் வருகுதில்ல" என்றார். எதைப் போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். ஊரின் பெயரையும் 'முஸ்லிம்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்.

அவர் தேடியது 1974இலிருந்தே இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கலாநிதி ஆய்வேடு அது. 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கிச் செய்த களவேலையிலிருந்து எழுதியது. ஆனால் தலைப்பில் ஊரின் பெயர் இல்லை. 'முஸ்லிம்' என்ற சொல்லும் இல்லை. தமிழில் சொன்னால் 'தமிழரும் சோனகரும்: கிழக்கிலங்கையில் சாதியும் தாய்வழிக்குடி அமைப்பும்' என்று வரும். ஆங்கிலத்தில் சோனகருக்கு அந்தக் காலத்துச் சொல் 'மூர்ஸ்'. அந்தச் சொல்லைப் போட்டதும் ஐந்து நிமிடத்தில் விவரம் வந்துவிட்டது. அதே ஆசிரியர் 34 வருடம் கழித்து, 2008இல், அதே ஊரைப் பற்றிப் பெரிய நூல் போட்டபோது உபதலைப்பில் 'முஸ்லிம்' என்றுதான் எழுதினார். ஆள் ஒன்று, ஊர் ஒன்று, சொல் மாறிவிட்டது.

பழைய ஆய்வேடுகளைத் தேடுகிற எல்லோருக்கும் முதலில் இந்தக் கல்லில்தான் கால் தட்டுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கம்பஸ் மாணவர், ஏ/எல் படிப்பிக்கிற ஆசிரியர், ஊர் வரலாறு எழுத ஆசைப்படுகிற ஓய்வுபெற்றவர் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இதற்குப் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் ஒரு கொப்பியும் போதும்.

முதல் வேலை: பெயர்ப் பட்டியல் போடுங்கள்

கொம்பியூட்டருக்கு முன் இருக்கும் முன்னர் கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்கள் விடயத்துக்கு இன்று வழங்கும் பெயர்கள். வலப்பக்கம் 40, 50, 60 வருடத்துக்கு முன் அதற்கு இருந்த பெயர்கள்.

மாவட்டத்தைப் பாருங்கள். அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961இல். அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம்தான். ஆகவே 1958இல் எழுதிய ஒன்றில் 'மட்டக்களப்பு மாவட்ட நெல் விளைச்சல்' என்று ஓர் அட்டவணை இருந்தால், அதில் இன்றைய அம்பாறையும் உள்ளே கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் அந்த எண்ணை இன்றைய மட்டக்களப்பு எண்ணோடு ஒப்பிட்டு 'விளைச்சல் விழுந்துவிட்டது' என்று எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

அடுத்தது நாடு. 1972க்கு முன் 'சிலோன்', பிறகு 'ஸ்ரீ லங்கா'. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1942 வரை நம் நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பிலிருந்த யூனிவர்சிட்டி கொலிஜில் படித்தவர்களுக்கு லண்டன் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. 1952இல் பேராதனைக்குப் போனது. 1972இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே பல்கலைக்கழகம், பல வளாகங்கள் என்றார்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மீண்டும் தனித்தனியாகின. ஆகவே ஒரே மேசையிலிருந்து எழுதிய மூன்று ஆய்வேடுகள், ஆண்டைப் பொறுத்து, பட்டியலில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கீழ் இருக்கலாம். வந்தாறுமூலையில் (இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம்) பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1981இல், ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) 1995இல். அதற்கு முந்திய கலாநிதி ஆய்வு எதையும் இந்த இரண்டு இடத்தின் பெயரிலும் தேடிப் பயனில்லை.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டல் தனித் தலையிடி. அக்கரைப்பற்று என்பதில் 'கே' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ரீ' ஒன்றா இரண்டா, 'பி' ஒன்றா இரண்டா என்று ஆளுக்கு ஒரு விதம். எல்லாவற்றையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். மானிடவியலாளரும் மொழியியலாளரும் தமிழ்ச் சொற்களை மேலே கோடும் கீழே புள்ளியும் போட்டு எழுதுவார்கள். அவர்கள் 'குடி'யை எழுதும்போது நாம் எதிர்பார்க்கிற 'டீ' (D) எழுத்து வராது. கீழே புள்ளி வைத்த 'ரீ' (T) எழுத்து வரும். ஸ்கேன் பண்ணிய பிரதியில் அந்தப் புள்ளி இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே 'ரீ' போட்டும் தேடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்தில் வரக்கூடிய ஆங்கிலச் சொல்லைப் பிடியுங்கள். குடிக்கு அவர்கள் வைத்த சொல் 'மேட்ரிக்ளான்'.

தலைப்பு ஏமாற்றும், ஆளைப் பிடியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்து எழுதியவர்கள் தலைப்பில் கொள்கைச் சொற்களைத்தான் போடுவார்கள். ஊர் உள்ளே ஒளிந்திருக்கும். பட்ரிசியா லோறன்ஸ் 1997இல் கொலராடோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு, போர்க் காலத்தில் மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோயில்களில் வாக்குச் சொன்னவர்களைப் பற்றியது. தலைப்பில் 'கிழக்கிலங்கை' என்று மட்டும்தான் இருக்கிறது. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலை ஆராய்ந்த மார்க் விட்டேக்கர் பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1986இல் கொடுத்ததில் 'இலங்கைத் தமிழரின் ஒரு கோயில்' என்றுதான் வரும். 1999இல் அது நூலானபோதுதான் உபதலைப்பில் மட்டக்களப்பு ஏறியது.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. முதலில் நூலையோ சஞ்சிகைக் கட்டுரையையோ பிடியுங்கள். நூலின் முன்னுரையில், அனேகமாக முதல் இரண்டு பக்கத்துக்குள், 'இது இன்ன பல்கலைக்கழகத்துக்கு இன்ன ஆண்டு கொடுத்த ஆய்வேட்டின் திருத்திய வடிவம்' என்று ஒரு வசனம் இருக்கும். அந்த ஒரு வசனத்தில் தேவையான எல்லாம் உண்டு. சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் செய்த கலாநிதி ஆய்வு 1998இல் நூலாக வந்தது. கூத்து பற்றித் தொடங்குகிறவர் அந்த நூலிலிருந்து பின்னோக்கிப் போகலாம். கா. சிவத்தம்பி 1970இல் பேர்மிங்ஹாமில் முடித்த ஆய்வு நூலாகியது 1981இல். இடைவெளி இப்படித்தான் இருக்கும். ஆகவே நூலின் ஆண்டை ஆய்வின் ஆண்டென்று நினைத்துப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு சறுக்கலும் உண்டு. ஒருவர் எதற்குப் பேர்போனாரோ அதிலேதான் கலாநிதிப் பட்டமும் வாங்கியிருப்பார் என்று நினைத்துவிடுவோம். சு. வித்தியானந்தன் என்றதும் நமக்கு இராவணேசன் நாடகமும் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தும் நினைவுக்கு வரும். அவர் 1950இல் லண்டனில் செய்த ஆய்வு பத்துப்பாட்டைப் பற்றியது. அதில் கூத்தைத் தேடி ஒரு நாளைப் பாழாக்காதீர்கள்.

எங்கே கிடைக்கும்

வரிசை முக்கியம். காசு செலவில்லாததிலிருந்து தொடங்கி, பஸ் ஏறவேண்டியதில் முடியுங்கள்.

முதலில் நூலகம் இணையத்தளம். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை ஸ்கேன் பண்ணிப் போட்டுவருகிறார்கள். ஆய்வேடு கிடைக்காவிட்டாலும், அந்த ஆய்வாளர் அந்தக் காலத்துச் சஞ்சிகையிலும் கோயில் மலரிலும் எழுதிய கட்டுரை கிடைக்கும். சில வேளை அதுவே போதும்.

லண்டன் ஆய்வுகளுக்கு முன்பெல்லாம் பிரித்தானிய நூலகத்தின் ஈதோஸ் என்ற சேவையைக் காட்டுவோம். 2023 ஒக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலோடு அது முடங்கிப் போனது. அதனால் நேரே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்துக்குப் போங்கள். லண்டன் கீழைத்தேயக் கல்லூரி, அதாவது 'சோவாஸ்', தன் பழைய ஆய்வேடுகள் பலவற்றை ஸ்கேன் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறது. இலங்கை வரலாறு படிக்கிறவருக்கு அது பெரிய சுரங்கம். அமெரிக்க ஆய்வுகளுக்கு புரோகுவெஸ்ட் என்ற இணையக் களஞ்சியம். முழுப்பிரதிக்குக் காசு, ஆனால் சுருக்கத்தையும் முதல் சில பக்கத்தையும் பெரும்பாலும் சும்மா பார்க்கலாம். பொருளடக்கம் அந்தச் சில பக்கத்துக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். சென்னை, அண்ணாமலை, மதுரை என்று தமிழ் இலக்கிய ஆய்வுகள் அங்கே மலைபோல் கிடக்கின்றன. தமிழில் எழுதியவற்றின் தலைப்பைச் சில இடத்தில் ஆங்கில எழுத்திலேயே பதிந்திருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

வெளியே போகவேண்டி வந்தால்: வந்தாறுமூலை நூலகம், ஒலுவில் நூலகம், பிறகு பேராதனை. விஞ்ஞானப் பக்கத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் நூலகத்தையும் சேருங்கள். விவசாயம் என்றால் பேராதனையில் 1975இலிருந்து இருக்கிற விவசாயப் பட்டப்பின் நிறுவகம். கிழக்கு மாகாண மண், நீர், நெல் பற்றிய பல முதுமாணி, முதுதத்துவமாணி ஆய்வுகள் அங்கே உண்டு. முதுமாணி தானே என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்து முதுமாணி ஆய்வுகள் சிலவற்றின் உழைப்பு அசாத்தியமானது.

ஊரில் தனியார் வீடுகளில் பிரதி இருக்குமா என்று கேட்பார்கள். இருந்தவை பல போய்விட்டன. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போனவை, இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தவை, 2004இல் கடல் எடுத்தவை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். மரப்பெட்டிக்குள் ஒரு காபன் பிரதி இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

நூலகருக்கு எழுதும் ஈமெயில்

நம் பிள்ளைகள் அனுப்புகிற ஈமெயிலில் பாதி, 'எனக்கு மட்டக்களப்பு பற்றிய ஆய்வுகளை அனுப்பவும்' என்று ஒரே வரியில் இருக்கும். பதில் வராது. வந்தாலும் 'நேரில் வரவும்' என்றுதான் வரும். நூலகருக்குத் தேவையானது ஆறு விடயம்: ஆசிரியரின் முழுப்பெயர், தலைப்பு, பல்கலைக்கழகம், ஆண்டு, உங்களுக்கு எந்தப் பகுதி வேண்டும், எதற்காக. ஐந்தாவதுதான் முக்கியம். 400 பக்கத்தை முழுவதும் ஸ்கேன் பண்ணித் தரச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. 'தலைப்புப் பக்கம், சுருக்கம், பொருளடக்கம் மூன்றையும் மட்டும் தர முடியுமா?' என்று கேளுங்கள். அனேகமாக அனுப்பிவிடுவார்கள். பொருளடக்கத்தைப் பார்த்தபின் எந்த அத்தியாயம் என்று இரண்டாவது ஈமெயில் போடலாம்.

நேரில் போகிறவர்கள் தேசிய அடையாள அட்டையோடு திணைக்களத் தலைவரின் கடிதமும் கொண்டுபோங்கள். ஆய்வேடு இரவல் தரமாட்டார்கள். உசாத்துணைப் பகுதியில் இருந்துதான் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கண்டி பஸ் பிடித்துப் பேராதனைக்குப் போய் ஒரே நாளில் திரும்பிவரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நூலகம் திறக்கிற நேரம், மதியச் சாப்பாடு, பிரதியைக் கண்டுபிடித்துக் கொண்டுவர ஆகும் நேரம் எல்லாம் போக, கையில் மூன்று மணித்தியாலம் மிஞ்சினால் பெரிய காரியம்.

போனால் படம் எடுக்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். விட்டால், நான் செய்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள். முதல் தடவை போனபோது ஒரு ஆய்வேட்டிலிருந்து 180 படம் எடுத்தேன். எழுத்து நன்றாகத் தெரியவேண்டும் என்று போனைக் கிட்டப் பிடித்ததில், பக்கத்தின் மேல் மூலையில் இருந்த இலக்கம் ஒன்றிலும் விழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் பக்கம் எது என்று தெரியாது, மேற்கோள் காட்ட முடியாது. இரண்டாம் தரம் பஸ் ஏறினேன். முதல் படம் தலைப்புப் பக்கம், பிறகு ஒவ்வொரு படத்திலும் பக்க இலக்கம், அத்தியாயம் மாறும்போது ஒரு வெற்றுத்தாளில் அத்தியாய எண்ணை எழுதி அதையும் ஒரு படம். இப்படி எடுத்தால் பிழைப்பீர்கள்.

இன்னொன்று, கடைசி அட்டையின் உட்புறத்தில் ஓர் உறை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மடித்த வரைபடங்களை அதற்குள் வைப்பார்கள். ஸ்கேன் பண்ணுகிறவர்கள் அதைப் பிரிக்காமலே விட்டுவிடுவது வழக்கம். இணையப் பிரதியில் 'வரைபடம் 4ஐப் பார்க்க' என்று இருந்து வரைபடம் 4 இல்லையென்றால், அது உறைக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாவலடியும் கல்லடிக் கரையும் சுனாமிக்கு முன் எப்படி இருந்தன என்று தெரிய விரும்புகிறவருக்கு அந்த மடித்த தாளைப்போல் வேறொன்று கிடைக்காது.

கையில் வந்தபின்: பின்னாலிருந்து வாசியுங்கள்

புதியவர்கள் முதல் பக்கத்தில் தொடங்குவார்கள். இரண்டாம் அத்தியாயத்தில், அதாவது அந்தக் காலத்துக் கொள்கை விவாதத்தில், சிக்கிக் களைத்துப்போய் மூடிவைப்பார்கள். பழைய ஆய்வேட்டில் மிக வேகமாக முதுமை அடைவது அந்த அத்தியாயம்தான். 1970இல் சூடாக இருந்த சண்டை இன்று யாருக்கும் நினைவில்லை.

நான் சொல்லும் ஒழுங்கு வேறு. முதலில் பின்னிணைப்பு. குடிகளின் பெயர்ப்பட்டியல், வம்சாவளி, கல்வெட்டுப் பாடலின் எழுத்துப்படி, வீடுவீடாக எடுத்த கணக்கு, மாதமாதம் அளந்த மழை எல்லாம் அங்கேதான் இருக்கும். நூலாக அச்சாகும்போது பதிப்பாளர் முதலில் வெட்டுவதும் இதைத்தான். ஆகவே நூல் கையில் இருந்தாலும் ஆய்வேட்டைத் தேடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். 1970இல் ஒரு முதியவர் சொன்ன சொல் அப்படியே எழுதப்பட்டிருந்தால், ஆய்வாளரின் முடிவு பிழையானாலும் அந்தச் சொல் பிழையாகாது. அந்த முதியவரை இனிமேல் யாரும் பேட்டி எடுக்க முடியாது.

அடுத்து முறையியல் பகுதி. எத்தனை மாதம் இருந்தார்? எந்த வீட்டில் தங்கினார்? யார் மொழிபெயர்த்தார்? போடியார் (வயற் சொந்தக்காரர்) வீட்டில் தங்கியவருக்கு வயல் ஒரு மாதிரித் தெரியும்; முல்லைக்காரரோடு (வயலில் வேலை செய்கிறவர்) வயலில் நின்றவருக்கு அதே வயல் வேறு மாதிரித் தெரியும். பெண்களோடு பேசினாரா? தாய்வழிக்குடியும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் உள்ள ஊரில் ஆண்களை மட்டும் கேட்டு எழுதியிருந்தால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

மூன்றாவதாக நன்றியுரை. பலர் தாண்டிப் போவார்கள். மேற்பார்வையாளர் யார் என்பது அங்கே தெரியும், அது ஆய்வின் போக்கையே விளக்கிவிடும். க. கைலாசபதியும் சிவத்தம்பியும் சங்கப் பாடலைக் கிரேக்க வீரயுகத்தோடும் கிரேக்க நாடகத்தோடும் ஏன் ஒப்பிட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இரண்டு பேருக்கும் பேர்மிங்ஹாமில் மேற்பார்வையாளர் ஜோர்ஜ் தொம்சன், கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர்.

அதன்பிறகு முடிவுரை, பிறகு உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு அத்தியாயம். முழுவதையும் வாசிக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

முடிவுரையை மேற்கோள் காட்டும் முன் ஒரு வேலை: அந்த ஆசிரியர் பிறகு என்ன எழுதினார் என்று பாருங்கள். கா. இந்திரபாலா 1965இல் லண்டனில் கொடுத்த ஆய்வேடு இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் பற்றியது. 40 வருடம் கழித்து 2005இல் வெளியிட்ட நூலில் அந்தப் பழைய கருத்துகளை அவரே பெரிதும் மாற்றிக்கொண்டார். ஆனாலும் 1965 ஆய்வை மட்டும் எடுத்து 'இந்திரபாலாவே சொல்லியிருக்கிறார்' என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் எந்த இந்திரபாலாவை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று ஆண்டோடு எழுதுங்கள்.

விஞ்ஞான ஆய்வேடு என்றால்

விஞ்ஞானத்தில் பழையது பயன்படாது என்பது பொதுவான எண்ணம். களப்பையும் குளத்தையும் வயலையும் படிக்கிறவருக்கு அப்படி இல்லை. இன்று களப்பு நீர் கெட்டுவிட்டது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்ற எண் வேண்டும். அந்த எண் பழைய ஆய்வேட்டில்தான் இருக்கும். அதை இன்றைய எண்ணோடு பக்கத்தில் வைக்கும் முன் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, அளவை. நெல் விளைச்சல் ஏக்கருக்கு இத்தனை புசல் என்று இருக்கும். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.9 கிலோ. ஏக்கருக்கு ஒரு புசல் என்பது ஹெக்டயருக்கு ஏறத்தாழ 51.5 கிலோ. ஆகவே ஏக்கருக்கு 60 புசல் என்றால் ஹெக்டயருக்கு 3.1 தொன் அளவில் வரும். நீர்ப்பாசனத்தில் ஏக்கர்-அடி வரும். ஒரு ஏக்கர்-அடி 1,233 கன மீற்றர். கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர்-அடி என்று பழைய ஆவணங்களில் பார்த்தால், 950 மில்லியன் கன மீற்றர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நீரின் மின்கடத்துதிறனை 'மோ' என்ற அலகில் எழுதியிருந்தால் பயப்படத் தேவையில்லை, அது இன்றைய 'சீமென்ஸ்'தான், எண் மாறாது.

இரண்டு, பெயர். உயிரினங்களின் விஞ்ஞானப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். 1950களின் தொடக்கத்தில் நம் குளங்களில் விட்ட திலாப்பியாவை எடுங்கள். பழைய ஆய்வில் திலாப்பியா மொசாம்பிகா, இடையில் சரோதெரோடன் மொசாம்பிகஸ், இன்று ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ். மூன்றும் ஒரே மீன். களப்பு நண்டில் சிக்கல் இன்னும் பெரிது. பழைய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் ஸ்கில்லா செராட்டா என்றே இருக்கும். 1998இல் அந்த இனத்தைத் திருத்தியபோது, ஒன்றாக நினைத்தது நான்கு இனம் என்று பிரித்தார்கள். ஆகவே 1980களின் ஆய்வில் வரும் 'செராட்டா' உண்மையில் எந்த நண்டு என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. படமோ அளவீடோ இருக்கிறதா என்று பின்னிணைப்பில் தேட வேண்டியதுதான். நெல்லிலும் இனத்தின் பெயரைப் பாருங்கள். 1958இல் வெளியான, கூடிய விளைச்சல் தரும் எச்4 இனத்துக்கு முந்திய விளைச்சலையும் பிந்தியதையும் ஒரே கோட்டில் போட்டால் கோடு பொய் சொல்லும்.

மூன்று, திகதி. மட்டக்களப்புக் களப்பின் உவர்த்தன்மையை ஒருவர் அளந்திருந்தால், அன்று முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மாரி மழைக்கு வெள்ளம் ஏறி முகத்துவாரத்தை வெட்டிவிட்டபின் எடுத்த நீரும், ஆவணியில் மண் அடைத்துக் கிடக்கும்போது எடுத்த நீரும் ஒன்றல்ல. ஆய்வாளர் மாதத்தை மட்டும் எழுதியிருப்பார். அந்த வருடம் எப்போது வெட்டினார்கள் என்பதைப் பழைய பத்திரிகையிலோ பாலமீன்மடுவில் வயதான மீனவரிடமோ கேட்டு நிரப்ப வேண்டும்.

இயற்பியல், கணிதம் போன்றவற்றுக்கு இந்தத் தலையிடி இல்லை. அவை ஊரைப் பொறுத்தவை அல்ல. அங்கே பழைய ஆய்வேட்டைத் தேடுகிறவர் பெரும்பாலும் வரலாற்று ஆர்வத்தில்தான் தேடுகிறார்.

ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பழைய ஆய்வேடு ஒன்றில் இருந்த குடிப்பட்டியலைப் பெரிய எழுத்தில் அடித்து, தெற்கே ஒரு கோயிலின் வண்ணக்கராக (நிர்வாகியாக) இருந்தவரிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசித்தார். ஏழாவது பெயரில் விரல் நின்றது. "மனே, இதக் குடியெண்டு ஆர் சொன்ன? இது வகுத்துவார், குடியில்ல" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "அந்தக் காலத்தில ஒரு துரை கொப்பியும் கையுமாத் திரிஞ்சவர்தான். எங்கட வளவுக்கு வரல்ல. வந்திருந்தா அப்பாட்டக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லி, அந்த இடத்தில் எது வரவேண்டும் என்று பென்சிலால் எழுதித் தந்தார். வகுத்துவார் என்பது குடிக்குள் வரும் உட்பிரிவு. அவர் சொன்னதுதான் சரி என்றோ ஆய்வேடுதான் சரி என்றோ நான் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டையும், யார் எந்தத் திகதியில் சொன்னார் என்று பக்கத்தில் பக்கத்தில் பதிந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

போகும் காலத்தைப் பார்த்துப் போங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு நடக்கும் ஊரில் வண்ணக்கரைப் பிடித்து வைத்துக் குடி விசாரித்தால் திட்டு வாங்குவீர்கள். அறுவடை நேரமும் ஆகாது. நோன்பு காலத்தில் முஸ்லிம் ஊர்களுக்குப் பின்னேரம் போகாமல் காலையில் போவது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் இதோடு சேர்த்து. பழைய மானிடவியல் ஆய்வுகளில் குடும்பங்களின் சாதி, சீதனம், வழக்கு, சண்டை எல்லாம் எழுதியிருப்பார்கள். சிலர் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றி எழுதினார்கள், சிலர் மாற்றவில்லை. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று அடுத்த தெருவில் இருக்கிறார்கள். வம்சாவளிப் பக்கத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுவது ஆராய்ச்சி இல்லை.

மேற்கோளும் பிரதியும்

மேற்கோளில் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, 'வெளியிடப்படாத கலாநிதி ஆய்வேடு', பல்கலைக்கழகம், பக்கம். பல்கலைக்கழகத்தின் பெயரை அந்த ஆண்டில் இருந்தபடியே எழுதுங்கள்; 1968க்குரியதை 'பேராதனைப் பல்கலைக்கழகம்' என்று திருத்தினால் அடுத்தவர் பட்டியலில் தேடும்போது கிடைக்காது. நூலாகவும் வந்திருந்தால், நீங்கள் பார்த்தது எதுவோ அதை மட்டும் குறிப்பிடுங்கள். இரண்டிலும் பக்க எண் ஒன்றாக இராது.

வெளியிடப்படாதது என்பதால் யாரும் பிரதி பண்ணலாம் என்று அர்த்தமில்லை. நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உண்டு. படிப்புக்குத் தேவையான அளவு போட்டோகொப்பி எடுங்கள். முழுவதையும் பிடிஎஃப் பண்ணிக் குறூப்பில் போடவேண்டாம். ஆசிரியர் உயிரோடு இருந்தால் ஓர் ஈமெயில் போட்டுப் பாருங்கள். தன் ஆய்வை எவராவது வாசித்தார் என்று தெரிந்தாலே மகிழ்ந்துபோகிறவர்கள் அவர்களில் பலர். முதல் வரியிலேயே 'பிரதி அனுப்பவும்' என்று எழுதாமல், எந்த அத்தியாயத்தில் உங்களுக்கு என்ன சந்தேகம் என்று கேளுங்கள். களக்குறிப்பும் புகைப்படமும்கூட வரலாம்.

உங்கள் சொந்த ஆய்வை முடித்து நூலகத்தில் கொடுக்கும்போது தலைப்பில் ஊரின் பெயரைப் போடுங்கள். மேற்பார்வையாளர் விடாவிட்டால் சுருக்கத்தின் முதல் வரியில் போடுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் வழக்கமான இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும் ஒவ்வொரு முறை. அந்த அக்கரைப்பற்றுப் பிள்ளை அப்படித்தான் செய்திருக்கிறார். 'மூர்ஸ்', 'முஸ்லிம்' இரண்டையும் திறவுச்சொல்லில் சேர்த்திருக்கிறார்.